பேளுக்குறிச்சிச் சந்தையும் உழைப்பின் கணக்கும்

கொல்லிமலையின் அடிவாரத்தில், இராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையே அமைந்துள்ள ஊர் பேளுக்குறிச்சி. 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று சேலம் மாவட்டத்தினின்று நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, இவ்வூரும் புதிய மாவட்டத்தின் பகுதியாயிற்று. சுற்றுவட்டார மக்களுக்கு இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது அதன் வாரச்சந்தையே. மலையிலிருந்து இறங்கும் மிளகும், பிற ஊர்களிலிருந்து வரும் மல்லியும் கடுகும் சீரகமும் வெந்தயமும் இங்கே குவிகின்றன. ஓராண்டுக்கு வேண்டிய மளிகையை ஒரே முறையில் வாங்கிச் செல்லத் தொலைவிலிருந்தும் குடும்பங்கள் வருவது வழக்கம்.

சந்தையில் தராசு உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எடை உண்டு, விலை உண்டு. ஆனால் அந்த மிளகைக் கொடியிலிருந்து பறித்தவர், உலர்த்தியவர், காம்பும் தூசும் நீக்கிப் புடைத்தவர் ஆகியோரின் உழைப்பை நிறுக்க எந்தத் தராசும் அங்கே இல்லை. அந்த உழைப்பை நிறுக்கும் பொறுப்பு நாட்டின் கணக்கெடுப்புத் துறைக்கு உரியது. அத்துறை கடந்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்த அளவுகோலைக் கொண்டு இந்த மக்களின் உழைப்பை அளந்து வந்திருக்கிறது? அந்த அளவுகோல் மாறியபோதெல்லாம் யார் கணக்கில் சேர்ந்தனர், யார் கணக்கிலிருந்து மறைந்தனர்? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அளவுகோல் எது?

ஒரு நாட்டின் பொருளாதார நிலையைக் காட்டும் குறியீடுகளுள் ஒன்று உழைப்பாளர் பங்கேற்பு விகிதம். பொதுவாக 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள், வேலை செய்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் கூட்டி, நூற்றுக்கு எத்தனை பேர் என்று காண்பதே அது. வேலை தேடாமல் இருப்பவர் வேலையற்றவராகக்கூட எண்ணப்படுவதில்லை; அவர் உழைப்பாளர் படைக்கே வெளியில் நிற்பவராகிறார். மாணவர், முதியோர், நோயாளர் ஆகியோருடன், வீட்டு வேலையில் ஈடுபட்டுள்ள பெண்கள் அனைவரும் இந்த வெளிவட்டத்திலேயே வைக்கப்படுகின்றனர்.

இதனோடு தொடர்புடைய மற்றொரு குறியீடும் உண்டு. மக்கள்தொகை முழுவதிலும் வேலை செய்கிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று மட்டும் காட்டுவது அது. நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெடுங்காலமாக வெளியிட்டு வருவது இதனையே. இரண்டிலும் கூட்டலும் வகுத்தலும் எளியவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'வேலை' என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவில் ஒரு சொல் மாறினால் கோடிக்கணக்கான மனிதர் ஒரே இரவில் உழைப்பாளிகளாகவோ உழைக்காதவர்களாகவோ ஆகிவிடுவர். இது மிகைக் கூற்று அன்று. நம் நாட்டில் நிகழ்ந்தே இருக்கிறது.

தொழிலிலிருந்து வருமானத்துக்கு

சென்னை மாகாணத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-ஆம் ஆண்டு கார்னிஷ் என்பவரின் பொறுப்பில் நடைபெற்றது. நாடு முழுவதும் ஒரே காலத்தில் எண்ணும் முறை 1881-இல் தொடங்கியது. தொடக்கக் காலக் கணக்குகளில் வினவப்பட்டது ஒருவரின் தொழில் என்ன என்பதே. உழவர், நெசவாளர், குயவர் என்று வகைப்படுத்தி எழுதினர். அக்காலத்து அலுவலர்களின் கண்ணில் தொழிலும் சாதியும் பிரிக்க இயலாதபடி கலந்திருந்ததால், ஒருவர் பிறந்த குலத்தின் தொழிலே அவர் செய்யும் தொழிலாகப் பதிவாகும் குழப்பமும் நேர்ந்தது.

1901-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு மக்களை இரு பிரிவாக்கியது. உண்மையில் உழைப்போர் ஒரு பிரிவு. அவரைச் சார்ந்திருப்போர் மறு பிரிவு. 1911-இலும் 1921-இலும் இதே முறை நீடித்தது. அந்த ஆண்டுகளில் இந்தியப் பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உழைப்போராக எண்ணப்பட்டனர் என்பது நம் கவனத்துக்கு உரியது.

1931-இல் ஹட்டன் தலைமையில் நடந்த கணக்கெடுப்பு மூன்று பிரிவுகளை வகுத்தது: சம்பாதிப்போர், உழைக்கும் சார்ந்தோர், உழைக்காத சார்ந்தோர். நடுவில் உள்ள பிரிவைக் கூர்ந்து நோக்குதல் நலம். குடும்ப நிலத்தில் பாடுபட்டும் தம் கையில் கூலி பெறாதவருக்கு அங்கே ஓர் இடம் தரப்பட்டது. அவர் 'சார்ந்தவர்' என்று தாழ்த்தப்பட்டாலும் 'உழைப்பவர்' என்பது மறுக்கப்படவில்லை.

விடுதலைக்குப் பின் முதன்முதலாக 1951-இல் எடுக்கப்பட்ட கணக்கு வருமானத்தையே அடிப்படையாகக் கொண்டது. தன் வருவாயில் தானே வாழ வல்லவர், ஓரளவு சம்பாதித்தும் பிறரைச் சார்ந்திருப்பவர், சம்பாதிக்காது சார்ந்திருப்பவர் என மூவகை. பணமே கோலாகிவிட்ட இடத்தில், பணம் பெறாது உழைப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போவது எளிது. அவ்வாண்டில் பெண்களுள் நூற்றுக்கு 23 பேரே உழைப்போராகக் காட்டப்பட்டனர்.

1961-இல் கோல் மீண்டும் மாறியது. இம்முறை வருமானம் அன்று, வேலையே கேட்கப்பட்டது. உழவு போன்ற பருவகாலத் தொழிலில், அப்பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்திருந்தால் அவர் உழைப்பாளி. கூலி பெறாமல் குடும்ப நிலத்தில் உழைத்தவருக்கும் இது பொருந்தும். பெண் உழைப்பாளரின் விகிதம் நூற்றுக்கு 28 ஆக உயர்ந்தது. பத்தாண்டுகளில் பெண்கள் திடீரெனச் சுறுசுறுப்பு அடைந்துவிடவில்லை, வினாவே மாறியிருந்தது.

1971: மறைந்துபோன மூன்று கோடிப் பேர்

அடுத்த கணக்கெடுப்பில் நேர்ந்தது இந்தியப் புள்ளியியல் வரலாற்றில் மறக்க இயலாத ஒன்று. 1961-இல் 5.94 கோடியாக இருந்த பெண் உழைப்பாளரின் எண்ணிக்கை 1971-இல் 3.13 கோடியாகக் குறைந்தது. மக்கள்தொகையோ இதற்கிடையில் பெருகியிருந்தது. பெண்களுள் உழைப்போர் விகிதம், எவ்வாறு சீர்செய்து பார்த்தாலும், நூற்றுக்கு 12 முதல் 14 வரையே வந்தது. அதாவது பத்தாண்டு முன்பிருந்ததில் ஏறக்குறையப் பாதி.

பெண்கள் எங்கே போயினர்? கொள்ளைநோயும் இல்லை, வயல்களும் தரிசாகிவிடவில்லை. விடை வினாத்தாளில் இருந்தது. 1971-இல் ஒவ்வொருவரிடமும் 'முதன்மையாக எதில் ஈடுபட்டிருக்கிறார்?' என்று கேட்கப்பட்டது. முதன்மைப் பணி வீட்டு வேலை என்று விடை வந்தால் அவர் உழைக்காதவர். வயலில் செய்யும் வேலை இரண்டாம் பணியாகத் தனியே குறிக்கப்பட்டதேயன்றி, உழைப்பாளர் தொகையில் அது சேரவில்லை.

இந்த வினாவைக் கொல்லிமலைச் சரிவில் உள்ள ஒரு குடும்பத்தின் முன் வைத்துப் பார்ப்போம். பொழுது புலருமுன் எழுந்து தண்ணீர் எடுத்து வந்து, அடுப்பு மூட்டி, மாட்டைக் கவனித்து, காட்டுக்குச் சென்று களை பறித்து, திரும்பும் வழியில் விறகு சேர்த்து, மாலையில் சாமை குத்தி, இரவில் சோறாக்கும் ஒரு பெண்ணை எண்ணுவோம். அவருடைய 'முதன்மை'யான வேலை எது? அவரையே கேட்டால் திகைப்பார். பல வீடுகளில் அவரைக் கேட்பதும் இல்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவரே எல்லாருக்குமாகச் சேர்த்துப் பதில் கூறுகிறார். 'அவள் வீட்டில்தான் இருக்கிறாள்' என்பது அவர் வாயில் இயல்பாக வரும் விடை. கணக்கெடுப்பவர் அதனை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்கிறார். இவ்விதமாக நாடெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் சொல்லப்பட்ட சிறு விடைகள் சேர்ந்தே அந்தப் பெரும் வீழ்ச்சியை உண்டாக்கின.

இந்த வீழ்ச்சியைக் கணக்கெடுப்புத் துறையே ஐயத்துடன் நோக்கிற்று. பொருளாதார வினாக்களை மட்டும் கொண்டு ஒரு மறு ஆய்வை நடத்தி, இரு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடத்தக்கவையாகச் சீர்செய்ய முயன்றது. இந்தியாவில் பெண்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட குழு 'சமத்துவத்தை நோக்கி' என்னும் தன் அறிக்கையை 1974-ஆம் ஆண்டு டிசம்பரில் முடித்தது. வளர்ச்சியின் பெயரால் பெண்கள் உற்பத்தியினின்று விலக்கப்படுவதையும், அவர்களுடைய உழைப்பு கணக்கில் வராமல் போவதையும் அது நாட்டின் முன் வைத்தது. 1980-இல் தொடங்கிய ஆறாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பெண்களுக்கெனத் தனி அதிகாரம் முதன்முறையாக இடம்பெற்றதற்கு இத்தகைய அறிக்கைகளே வழி வகுத்தன.

93 என்னும் எண்

இக்காலத்திலேயே மற்றொரு முயற்சியும் நடந்தது. பேராசிரியர் தந்த்வாலா தலைமையிலான வல்லுநர் குழு, நம் நாட்டில் வேலையின்மையை மேலைநாட்டு முறையில் ஒரே எண்ணால் அளக்க இயலாது என்று 1970-இல் கூறியது. இங்கே ஒரே மனிதர் ஆடியில் உழவர், மார்கழியில் கூலியாள், கோடையில் வேலையற்றவர். அக்குழுவின் பரிந்துரையை ஏற்றுத் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 1972-73-இல் நடத்திய 27-ஆம் சுற்று ஆய்வில், ஆண்டு முழுவதையும் நோக்கிய வழக்கமான நிலை, கடந்த வாரத்து நிலை, ஒவ்வொரு நாளின் நிலை என மூன்று வகையில் வேலை அளக்கப்பட்டது.

அந்நிறுவனம் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் தந்தது. வீட்டு வேலை மட்டும் செய்கிறவருக்கு 92. வீட்டு வேலையோடு காய், கிழங்கு, விறகு, மாட்டுத் தீவனம் முதலியவற்றை இலவசமாகச் சேகரித்தும், வீட்டுத் தேவைக்குத் தைத்தும் நெய்தும் வருகிறவருக்கு 93. இவ்விரு எண்களும் உழைப்பாளர் படைக்கு வெளியே உள்ளவை. காட்டை நம்பி வாழும் மலைநாட்டுப் பெண்களின் அன்றாட உழைப்பைச் சுருக்கி வரைந்தால் கிட்டத்தட்ட 93-ஆம் எண்ணின் விளக்கமே கிடைக்கும். அவர்கள் செய்வது இன்னதென்று அரசின் ஏட்டுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், அது 'பொருளாதாரச் செயல்' என்று ஏற்கப்படவில்லை.

1976-77-இல் தேவகி ஜெயினும் அவருடன் பணியாற்றியோரும் இராசசுத்தானத்திலும் மேற்கு வங்கத்திலும் சில சிற்றூர்களில் மக்கள் ஒரு நாளின் மணி நேரங்களை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று அருகிருந்து குறித்தனர். வீட்டு வேலையில் இருப்போர் என்று வகைப்படுத்தப்பட்ட பெண்களுள் பலர் வயலிலும் கொட்டிலிலும் உழைப்பது அதனால் வெளிப்பட்டது. எலா பட் தலைமையிலான தேசிய ஆணையம் 1988-இல் வெளியிட்ட 'சிரமசக்தி' அறிக்கையும், அமைப்புசாராப் பெண் உழைப்பாளரைக் கணக்குகள் குறைத்துக் காட்டுகின்றன என்பதை வலியுறுத்தியது.

இவற்றின் பயன் மெல்ல மெல்ல வினாத்தாளில் தோன்றியது. 1981-இல் 'கடந்த ஓராண்டில் எப்பொழுதேனும் வேலை செய்தாரா?' என்பது முதல் வினாவாயிற்று. 183 நாள்களோ அதற்கு மேலோ உழைத்தவர் முதன்மை உழைப்பாளர். அதற்குக் குறைந்தவர் குறுங்கால உழைப்பாளர். 1991-இல் இவ்வினாவோடு, பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த வேலையும் அடங்கும் என்னும் சொற்கள் சேர்க்கப்பட்டன. பெண் உழைப்பாளரின் விகிதம் 1981-இல் ஏறத்தாழ 20, 1991-இல் 22, 2001-இல் 25-க்கு மேல் என்று ஏறியது. 2011-இல் தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் உழைப்போராகப் பதிவாயினர்.

சாமையின் கதை

இருப்பினும் எல்லைக்கோடு இன்னும் எங்கே கிடக்கிறது என்பதை அறியச் சாமையைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. கொல்லிமலையின் பழைய உணவுப் பயிர்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு போன்ற சிறுதானியங்கள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பிற்காலத்தில் மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் பகுதிகளின் சேகோ ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன. கையில் பணம் வந்தது. சிறுதானியம் விளையும் பரப்புச் சுருங்கியது.

இம்மாற்றத்துக்குப் பணம் மட்டும் காரணம் அன்று. சாமையை உண்ணத்தக்க அரிசியாக்க, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மீண்டும் குத்த வேண்டும். இக்கடும் உழைப்பு முழுவதும் பெண்களின் தோள்மேல் விழுந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கத் தொடங்கியபின், இந்தப் பாட்டைப் பட யார் விரும்புவர்? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியைத் தொடங்கியபோது, விதையைப் பாதுகாப்பதோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு எந்திரங்களை மகளிர் குழுக்களுக்குத் தர வேண்டியதாயிற்று. ஒரு பயிரின் வாழ்வும் அழிவும் பெண்ணின் உழைப்போடு பிணைந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று ஏது?

இதே சாமையைத் தேசிய மாதிரி ஆய்வின் கண்கொண்டு பார்ப்போம். வீட்டுச் செலவுக்காகவே ஆனாலும் சாமையை விதைத்து அறுத்தால் அது பொருளாதாரச் செயல், அப்பெண் உழைப்பாளி. அதே சாமையை வீட்டு முற்றத்தில் வீட்டாருக்காகக் குத்தினால் அது பொருளாதாரச் செயல் அன்று. அவரே எந்திரம் உள்ள இடத்துக்குச் சென்று கூலிக்கு உமி நீக்கினால் மீண்டும் உழைப்பாளி ஆகிவிடுகிறார். கை ஒன்று, தானியம் ஒன்று; ஏட்டில் மட்டும் மூன்று வேறு நிலைகள். 1993-ஆம் ஆண்டின் உலகத் தேசியக் கணக்கு முறை, சொந்தப் பயனுக்கான எல்லாப் பொருள் உற்பத்தியையும், விறகு சேர்ப்பதையும் தண்ணீர் சுமப்பதையும்கூட உற்பத்தியின் எல்லைக்குள் சேர்த்தது. நம் நாட்டு வேலைக் கணக்குகள் அந்த எல்லை வரை முழுமையாகச் செல்லவில்லை.

நம் பழைய இலக்கியம் இதில் வேறு நெறியைக் கொண்டிருந்தது என்பது சிந்தனைக்குரியது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும், கொல்லிப்பாவை நின்ற மலை என்றும் சங்கப் புலவர் இம்மலையைப் பாடினர். குறிஞ்சித் திணையின் தலைவி பெரும்பாலும் தினைப்புனத்திலேயே நமக்கு அறிமுகமாகிறாள். தட்டையும் குளிரும் கையில் ஏந்திக் கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். காதலைப் பாட வந்த புலவரும் அவள் செய்யும் வேலையைக் கூறாது விடவில்லை. 1971-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பாளர் அவள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

உலகம் கண்ட வழி

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 1878-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பெண்கள் சங்கம் ஒன்று, இல்லத்தில் உழைப்போரை ஊதியத் தொழிலாளர் வரிசையில் சேர்க்காத கணக்கெடுப்பைக் கண்டித்து அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு முறையீடு அனுப்பியது. இன்று உலகெங்கும் வழங்கும் 'உழைப்பாளர் படை' என்னும் கருத்தே 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் பிறந்தது. எத்தனை பேர் வேலையின்றித் தவிக்கின்றனர் என்பதை அறிய அமெரிக்க அரசுக்கு அன்று வழியில்லை. ஒருவரின் வழக்கமான தொழில் என்ன என்று கேட்பதை விடுத்து, குறிப்பிட்ட ஒரு வாரத்தில் அவர் வேலை செய்தாரா, தேடினாரா என்று 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கேட்டது. ஆலையும் அலுவலகமும் நிறைந்த நாட்டுக்கு ஏற்ற வினா அது. வயலும் வீடும் ஒன்றாகக் கலந்திருக்கும் நாட்டுக்கு அது முழுதும் பொருந்தவில்லை.

உலகத் தொழிலாளர் புள்ளியியலார் மாநாடு 1954-இலும் 1982-இலும் இக்கருத்தை வரையறுத்தது. 2013-இல் கூடிய 19-ஆம் மாநாடு ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. பிறர் பயனுக்காகவோ தன் பயனுக்காகவோ பொருள் ஆக்குவதும் பணி செய்வதும் எல்லாமே 'வேலை' என்று அது ஏற்றது. சோறாக்குவதும் குழந்தை வளர்ப்பதும் அதனுள் அடங்கும். அதேவேளையில், ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ செய்வது மட்டுமே 'வேலைவாய்ப்பு' என்று அது பிரித்தது. இதனால் தன் குடும்பத்துக்கென மட்டும் சாமை விதைப்பவர் வேலை செய்கிறவர்தாம். ஆனால் வேலைவாய்ப்புப் பெற்றவர் அல்லர். சொல்லில் மதிப்பு வந்தது. எண்ணில் அவர் மறுபடியும் வெளியே நிற்கும் வாய்ப்பும் வந்தது.

இந்த இக்கட்டிலிருந்து மீளப் பலர் கண்ட வழி, ஆள்களை எண்ணுவதோடு மணி நேரங்களையும் எண்ணுவது. நம் நாட்டில் 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் காலப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. நாடு தழுவிய அளவில் 2019-இல் நடந்த ஆய்வில், வீட்டாருக்கான ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுவதும், அப்பணிகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிடுவதும் தெரியவந்தன. அவ்வாறு ஈடுபட்டோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர்.

எண்ணால் விளைவது என்ன?

இவையெல்லாம் புள்ளியியலாரின் சொற்போர் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. உழவர் என்று பதிவாகாத பெண் பயிற்சிக்கும் கடனுக்கும் இழப்பீட்டுக்கும் உரியவராகக் கருதப்படுவது அரிது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இல்லத்தரசியரைப் பிச்சையெடுப்போர், சிறைவாசிகள் முதலியோருடன் ஒரே உழைக்காதோர் வரிசையில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010-இல் வன்மையாகக் கண்டித்தது. விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசியின் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு தருவது என்னும் வழக்கு அது. ஒரு பெண்ணின் உழைப்பின் மதிப்பை அவர் மறைந்த பின்னரே, அதுவும் நீதிமன்றத்தில் நின்று, கணக்கிடும் நிலையில் நாம் இருந்தோம். கணவரின் வருவாயில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 சூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட, மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மகளிர் திட்டத்துக்கு 'உதவித் தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டதும் இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே.

எனினும் ஒன்றை நாம் மறத்தல் கூடாது. இந்த விகிதம் ஏறுவதெல்லாம் வளமும் அன்று; இறங்குவதெல்லாம் வறுமையும் அன்று. மகள் களை பறிப்பதை விட்டுப் பள்ளிக்குச் சென்றால் விகிதம் இறங்கும், அது நன்மை. மழை பொய்த்து, கணவரின் கூலி போதாமல், உடல் நலமற்ற பெண்ணும் கூலிக்குச் சென்றால் விகிதம் ஏறும், அது துன்பம். 2017-இல் தொடங்கிய காலமுறை உழைப்பாளர் ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18-இல் நூற்றுக்கு 23.3 ஆக இருந்து 2023-24-இல் 41.7 ஆக உயர்ந்ததாகக் காட்டியது. மகிழ வேண்டிய செய்தியே. ஆயினும், வேலை செய்யும் பெண்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர் என்பதும் அதே ஆய்வில் உள்ளது. முன்பு விடுபட்டவர் இப்பொழுது எண்ணப்படுகின்றனரா, வேலை தேடி இன்னும் பலர் வந்துள்ளனரா, நெருக்கடி அவர்களைத் தள்ளியதா என்று பொருளாதார அறிஞர் விவாதித்து வருகின்றனர். பெண் எண்ணப்படுவது ஒரு நீதி; எண்ணப்பட்ட உழைப்புக்குக் கூலி கிடைப்பது மற்றொரு நீதி. முதலாவது கிடைத்ததாலேயே இரண்டாவதும் கிடைத்துவிட்டதாகக் கொள்ளுதல் தவறு.

வரவிருக்கும் கணக்கு

2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளை நோக்கு நாளாகக் குறித்து 2025 சூனில் அரசு அறிவிக்கை வெளியிட்டது. நாட்டின் பெரும்பகுதியில் கணக்கெடுப்பாளராகப் பணியாற்றுவோர் நம் பள்ளி ஆசிரியர்களே. அவர்களுள் பலர் இந்த இதழின் வாசகர்களாகவும் இருக்கக்கூடும்.

வினாவை வரையறுப்பவர் தில்லியில் இருக்கின்றனர். ஆனால் விடை பிறப்பது நம் வீட்டு வாசலில். மேலே கண்ட வரலாறு முழுவதிலும் வீழ்ச்சிக்கு ஒரு பாதிக் காரணம் வினாத்தாளிலும் மறு பாதிக் காரணம் திண்ணையிலும் இருந்ததைக் கண்டோம். வினாத்தாள் பல முறை திருத்தப்பட்டுவிட்டது. திண்ணையின் விடை இன்னும் பெரிதும் திருத்தப்படவில்லை. கணக்கெடுக்கச் செல்லும் ஆசிரியர், 'உங்கள் மனைவி வேலை செய்கிறாரா?' என்று கணவரிடம் கேட்பதோடு நின்றுவிடாமல், அப்பெண்ணிடமே பேச வேண்டும். களை பறித்தாரா, மாடு பார்த்தாரா, புளியைத் தட்டிக் கொட்டை எடுத்தாரா, மிளகு உலர்த்தினாரா, கடையில் உட்கார்ந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் உண்மை வெளிவரும். 'சும்மாதான் இருக்கிறேன்' என்று நம் தாய்மார் கூறும்போது, அச்சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளாத பொறுமை வேண்டும்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு வாங்குகிறவர் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, காம்பு இருக்கிறதா, பதர் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே விலை பேசுவார். ஒரு படி மிளகுக்குக் காட்டும் அக்கவனத்தை, அம்மிளகைச் சுத்தம் செய்தவருக்கும் காட்டுவோமாக. 2027-இல் வாசலுக்கு வரும் அலுவலர் வீட்டில் உழைப்போர் யார் யார் என்று வினவும்போது, விடை கூறுமுன் அடுக்களைப் பக்கம் திரும்பி, உள்ளிருப்பவரை வெளியே அழைத்து, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுவோம்.